முப்பது நல்ல வாய்கள்

எங்கள் மாவட்டத்தில் பல் வலி வந்தால் போக ஒரே ஓர் இடம்தான். மாவட்ட ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சமையல் கொட்டகையைத் தாண்டி ஒரு சின்ன அறை. அதில் ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல், தொவேரா சிராம்போ. இருபத்திரண்டு வருடமாக அந்தம்மாதான் அங்கே பல் பிடுங்குகிறார். வாசலில் யாரோ "பல் டாக்டர்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று வருடப் படிப்புதான் படித்தேன், டாக்டர் என்று கூப்பிடாதீர்கள் என்பார். வாயில் துணியைத் திணித்துக்கொண்டு நிற்கிறவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு?

காலை ஏழு மணிக்கு அவர் வரும்போது வரிசையில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். உப்பு வைத்துப் பார்த்திருப்பார்கள், புகையிலை அடக்கிப் பார்த்திருப்பார்கள், சிலர் லாரி பேட்டரியின் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு வைத்து நாக்கையும் புண்ணாக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். கடைசியாக வருகிற இடம் அவருடைய நாற்காலி. பிடுங்குவதைத் தவிர வேறு வழியில்லாத பல்லோடுதான் எல்லோரும் வருவார்கள். வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணியை இறுக்கிச் சுற்றியிருப்பார். மணி பன்னிரண்டு ஆகும்போது இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வேலை செய்வார்.

அவருக்கே கீழ்த்தாடையில் இரண்டு கடைவாய்ப் பற்கள் கிடையாது. பதினாலு வயதில், ஹாஸ்டலில் படிக்கும்போது போனவை. உடன் படித்த இரண்டு பெண்கள் காலைப் பிடித்துக்கொள்ள, மிஷன் மருந்தகத்தில் இருந்த ஒருவர் மரத்துப்போகிற ஊசிகூடப் போடாமல் பிடுங்கினாராம். "அந்த ஆள் மேல எனக்குக் கோபம் இல்ல சார்," என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். "அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எவனாவது ஒருத்தன் வந்து என் வாயைத் திறந்து பார்த்திருந்தா அந்தப் பல்லு இருந்திருக்கும். அவன் மேலதான் கோபம். அவன் யாருன்னுதான் தெரியல."

அந்த யாரோ ஒருவனாகத் தானே இருந்துவிடலாம் என்று முடிவு செய்ததுதான் அவர் வாழ்க்கையில் செய்த ஒரே ஆடம்பரம்.

செவ்வாயும் வியாழனும் மதியத்துக்கு மேல் ஆஸ்பத்திரியின் பழைய மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கூடங்களுக்குக் கிளம்பிவிடுவார். மொத்தம் பதினோரு உயர்நிலைப் பள்ளிகள். வெளிநாட்டு உதவியில், தலைநகர் லிலோங்வே வழியாக அவருக்கு ஒரு பொடியும் ஒரு திரவமும் வரும். இரண்டையும் குழைத்தால் மாவு மாதிரி ஆகும். பதிமூன்று, பதினாலு வயதில் புதிதாக முளைத்திருக்கும் கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் அதை வைத்து, விரலில் வாசலைன் தடவி அழுத்தினால் பள்ளம் மூடிக்கொள்ளும். அப்புறம் அங்கே சர்க்கரை போய் உட்கார முடியாது. கரண்ட் வேண்டாம், துளை போடும் மெஷின் வேண்டாம், வலியும் கிடையாது. இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்தால் போதும்.

நான் கும்வெண்டா. பூகோளம் வாத்தியார், ஹாஸ்டல் பொறுப்பும் என் தலையில்தான். அவர் எங்கள் பள்ளிக்கு முதன்முதலாக வந்த அன்று பிள்ளைகள் சோளக்கொல்லைக்குள் ஓடி ஒளிந்தார்கள். பாதிப் பேரை நான்தான் காதைப் பிடித்து இழுத்துவந்தேன்.

"பிடுங்கியம்மா வந்துட்டாங்க சார், நான் வரமாட்டேன்!"

"ஏண்டா, உன் பல்லு என்ன தங்கமா? அவங்க எடுத்துட்டுப் போய் வித்துடுவாங்களா?"

தொவேரா அதற்கெல்லாம் அசரவில்லை. முதலாம் படிவப் பிள்ளைகள் அறுபது பேரை உட்கார வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். பல் போனால் சாப்பிட முடியாது, வயதானால் கஷ்டம் என்றெல்லாம் சொல்லவில்லை. அந்த வயதில் எவனுக்கு வயதாகப்போகிறது?

"லவ் லெட்டர் எழுதுறீங்கல்ல?" என்றார். வகுப்பு கொல்லென்று சிரித்தது. "எழுதுங்க. லெட்டர்ல வாசனை வராது. நேர்ல போய் நின்னு வாயைத் திறப்பீங்க பாருங்க, அப்ப வரும். அந்தப் பொண்ணு திரும்பிப் பார்க்காம போயிடும். அப்புறம் எனக்குச் சூனியம் வச்சுட்டாங்கன்னு அழுவீங்க."

சர்க்கரையைப் பற்றியும் சொன்னார். எங்கள் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியில் பூட்டு போட்டுப் பாதுகாப்பது புத்தகத்தை அல்ல, சர்க்கரைப் பொட்டலத்தை. காலைக் கஞ்சியில் நாலு கரண்டி, மாலையில் வறுத்த மாவில் நாலு கரண்டி, படுக்கப் போகும்போது உள்ளங்கையில் கொட்டி நக்குவது தனி. "நிறுத்தச் சொல்லல," என்றார் தொவேரா. "நிறுத்தமாட்டீங்க. கஞ்சியோட சேர்த்துத் தின்னுட்டுப் பல்லைத் தேய்ங்க. படுக்கும்போது நக்காதீங்க. அதுவாச்சும் செய்ங்க."

அன்று மாலை வரை நாற்பத்தெட்டுப் பேருக்கு வைத்து முடித்தார். ஒவ்வொருவருக்கும் என்ன வைக்கிறேன், எப்படி இருக்கும் என்று விளக்கினார். நான் அதே அறையின் மூலையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அந்த விளக்கத்தில் ஒரு வார்த்தைகூட என் காதில் ஏறவில்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டு வருடம் கழித்து லிலோங்வேயிலிருந்து ஹெட்மாஸ்டர் ஹராவுக்கு ஒரு கடிதம் வந்தது. பல் திட்டம் பலன் தருகிறதா என்று பார்க்க டாக்டர் சிசாலே என்பவர் வருகிறார். தொவேராவின் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்த, எங்கள் பிள்ளைகள் முப்பது பேரின் பெயர்கள் கடிதத்தோடு இருந்தன. அந்த முப்பது பேரையும் தயாராக வைக்க வேண்டும். வைத்த பூச்சு பல்லில் நின்றிருந்தால் மாவட்டத்தின் பதினோரு பள்ளிகளுக்கும் பொடி தொடர்ந்து வரும். இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். தொவேராவுக்குத் தேதியை மட்டும் சொல்லியிருந்தார்கள். பெயர்களைச் சொல்லவில்லை. தேர்வு நேர்மையாக இருக்க வேண்டுமாம்.

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. கிழிந்த யூனிஃபார்ம், செருப்பில்லாத கால், மூன்று பாடத்தில் முட்டை வாங்கியவன், எதிர்த்துப் பேசுகிறவன் எல்லோரையும் அன்று காலையே விறகு வெட்ட மலைக்கு அனுப்பிவிடுவோம். சாயங்காலம் ஐந்து மணிக்கு முன் திரும்பமாட்டார்கள். வருகிறவர் பார்ப்பது துவைத்த சட்டையையும் சரியான பதிலையும்தான். எனக்குத் தெரிந்து எல்லாப் பள்ளிகளும் இதைத்தான் செய்கின்றன. வருகிறவர்களும் ஒரு காலத்தில் விறகுக்குப் போனவர்களாகத்தான் இருப்பார்கள்.

"அந்தம்மா நமக்காக ரெண்டு வருஷமா அலையுது, கும்வெண்டா," என்றார் ஹரா. "நம்ம ஸ்கூல்ல அவங்க பேரு கெட்டுடக் கூடாது. பசங்க வாயெல்லாம் பார்த்து வை."

பார்த்தேன். முதல் நாள் மாலை பட்டியலில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். தீவோங்கே என்ற பெண்ணின் கடைவாயில் நாலு பல்லிலும் சாம்பலும் மஞ்சளுமாக ஏதோ அப்பியிருந்தது. அடுத்தவனுக்கும் அப்படியே. அதற்கடுத்தவனுக்கும். நாலு பேர் பள்ளியை விட்டே போயிருந்தார்கள், மீதி இருபத்தாறு பேரில் ஏறக்குறைய எல்லா வாயிலும் அந்த அழுக்கு. இந்தப் பிள்ளைகளுக்குத்தானா அந்தம்மா இத்தனை பாடுபட்டார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"என்னடீ இது, பல்லா பாசியா?"

"மேடம் வச்சது சார்..." என்று அவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள்.

"மேடம் வச்சதை இப்படியா கெடுத்து வச்சிருக்க? போ, நாளைக்கு விறகு."

வைத்த பூச்சு கண்ணுக்குத் தெரியாது, பல் சுத்தமாக இருந்தால் போதும் என்ற நினைப்பில் ஹாஸ்டல் முழுக்கத் தேடி நல்ல பற்களைப் பொறுக்கினேன். அதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. அதற்கு முந்தின வருடம் ஏரிக்கரைப் பள்ளிகளிலிருந்து மாற்றலாகி வந்த பிள்ளைகள் இருந்தார்கள். மரவள்ளிக் களியும் உசிபா மீனும் தின்று வளர்ந்தவர்கள், சர்க்கரையைக் கண்ணால் பார்க்காதவர்கள். ஒவ்வொரு வாயும் பளிச்சென்று கண்ணைப் பறித்தது. அவர்களில் முப்பது பேரை நிறுத்தி ஒவ்வொருவருக்கும் பட்டியலில் உள்ள ஒரு பெயரைக் கொடுத்து உருப்போட வைத்தேன். வனாங்வா என்ற உயரமான பெண்தான் தீவோங்கே. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் சிசாலே வந்தார். ஒல்லியான, மரியாதையான மனிதர். தொவேராவும் வந்திருந்தார். கழுத்தில் புதுத் துணி, முகத்தில் ஒரு படபடப்பு. டாக்டர் வாயைப் பார்த்துச் சொல்ல, தொவேரா எழுத வேண்டும் என்று ஏற்பாடு. நான் கதவோரம் நின்றேன்.

"பூச்சு இல்ல," என்றார் டாக்டர். தொவேரா எழுதினார்.

"இதுலயும் இல்ல. நாலுலயும் இல்ல."

எழுதினார். மூன்றாவது பிள்ளை, நாலாவது பிள்ளை. இல்லை, இல்லை. தொவேராவின் பேனா நின்றது. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன். எவ்வளவு சுத்தமான பல் பார்த்தீர்களா என்று கண்ணைக்கூடக் காட்டினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

ஐந்தாவதாக வனாங்வா வந்து படுத்தாள். தொவேரா எழுந்துபோய்த் தானே குனிந்து பார்த்தார். பதினோரு பள்ளியின் பிள்ளைகளை முகம் வைத்து அவருக்குத் தெரியாது, அதுவும் இரண்டு வருடத்தில் முளைத்து வளர்ந்த பிள்ளைகளை. ஆனால் வாய் அவருக்கு மறக்காது. நிமிர்ந்து என்னிடம் வந்தார்.

"சார், கொஞ்சம் வெளிய வாங்க."

வராந்தாவில் நின்றோம்.

"இவங்க யாரு?"

"லிஸ்ட்ல இருக்கறவங்கதான் மேடம்."

"சார். அந்தப் பொண்ணு வாயை நான் இதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல. யாரு அது?"

மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னேன். அழுக்குப் பிடித்த பல், விறகு, ஏரிக்கரைப் பிள்ளைகள். உங்களுக்காகத்தான் செய்தோம் என்பதை இரண்டு முறை சொன்னேன்.

"அழுக்கா?" என்றார். "சாம்பல் கலர்ல, பல்லோட ஒட்டிக்கிட்டு?"

"ஆமா மேடம்."

"எத்தன பேருக்கு இருந்துச்சு?"

"கிட்டத்தட்ட எல்லாருக்கும்."

கண்ணை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். அழவில்லை. "அதுதான் சார் நான் வச்சது," என்றார். "ரெண்டு வருஷம் நின்னிருக்கு. நின்னதை மலைக்கு அனுப்பிட்டு, எதுவும் வைக்காத பல்லைக் கொண்டுவந்து காட்டுறீங்களே."

அவர் கோபப்பட்டு என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நேராக உள்ளே போனார்.

"டாக்டர், இவங்க என் பிள்ளைங்க இல்ல. ஆள மாத்தியிருக்காங்க. என் பிள்ளைங்க சாயங்காலம் வருவாங்க. கொஞ்சம் இருந்து பாத்துட்டுப் போங்க."

டாக்டர் சிசாலே ஹெட்மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். ஹரா முப்பது வருட அனுபவம் உள்ளவர். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. "நீங்க அனுப்பின பேருதான் சார். பிள்ளைங்களையே கேட்டுக்கங்க."

"உன் பேரு என்னம்மா?"

"தீவோங்கே சார்," என்றாள் வனாங்வா. நான் சொல்லிக்கொடுத்தபடியே.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே ஹாஸ்டல் மாஸ்டர்? உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். நீங்க சொல்லுங்க. லிஸ்ட்ல இருக்கற பிள்ளைங்கதானா?"

தொவேரா என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. இத்தனை பாடுபட்ட எனக்கு இவ்வளவுகூடச் செய்யமாட்டாயா என்று கேட்கிற பார்வையும் இல்லை. சும்மா, பதிலுக்காகக் காத்திருந்தார். எனக்கு ஹராவின் செருமல் கேட்டது. நான் குடியிருப்பது பள்ளி வீடு. அரசாங்க அதிகாரியை ஏமாற்றினேன் என்று ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"ஆமா சார்," என்றேன். "அவங்கதான்."

டாக்டர் தலையை ஆட்டினார். மீதிப் பிள்ளைகளையும் பார்த்து முடித்தார். எல்லாவற்றுக்கும் "பூச்சு இல்ல" என்று தொவேராவே தன் கையால் எழுதினார். இன்னும் இரண்டு மணி நேரம் இருங்கள் என்று மறுபடி ஒரு முறை கேட்டார். மழை வருகிறது, இருட்டுவதற்குள் ம்சூசு போய்ச் சேர வேண்டும் என்று டாக்டர் மூன்று மணிக்குக் கிளம்பினார். வண்டியில் ஏறும்போது, "வருத்தப்படாதீங்க மேடம்," என்று அவரிடம் அன்பாகவே சொன்னார். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரிடம் பேசுகிற அன்பு அது.

தொவேரா போகவில்லை. வராந்தாவில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் டீ கொண்டுபோய் வைத்தேன், ஆறிப்போனது. ஐந்து மணி தாண்டி விறகுக் கட்டோடு பிள்ளைகள் நனைந்துகொண்டு இறங்கி வந்தார்கள். அவர் எழுந்து மணிக்கட்டுத் துணியை இறுக்கிக்கொண்டார்.

"விறகைக் கீழ போடுங்க. வாயைத் திறங்க."

இருபத்தாறு பேரையும் ஒருவர் விடாமல் பார்த்தார். தீவோங்கேயின் நாலு பல்லையும் விரலால் தடவிப் பார்த்தபோது மட்டும் அவர் முகம் கொஞ்சம் இளகியது. "கெட்டியா இருக்கு," என்றார் யாரிடமோ. இருபத்தொரு பேருக்கு வைத்தது வைத்தபடி இருந்தது. மூன்று பேருக்கு ஒரு பல்லில் உதிர்ந்திருந்தது, இரண்டு பேருக்குப் புதிதாகச் சொத்தை. எல்லாவற்றையும் ஒரு தாளில் பெயரோடு எழுதி என்னிடம் நீட்டினார்.

"இதுல சாட்சிக் கையெழுத்து போடுங்க சார். இவங்கதான் அந்தப் பேருக்காரங்கன்னு ஒரு வரி எழுதுங்க. நான் லிலோங்வேக்கு அனுப்புறேன்."

ஆபீஸ் ஜன்னலில் ஹரா நின்றிருந்தார்.

"நாளைக்குப் போடுறேனே மேடம்," என்றேன். "ஹெட்மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு."

"சரி சார்," என்றார். தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்புறம் அவர் என்னிடம் கேட்கவே இல்லை. நானும் கொடுங்கள் என்று போகவில்லை. நாளை நாளை என்று சொல்லிச் சொல்லியே ஒரு மழைக்காலம் போனது.

பொடி நின்றது. கொடுத்த பொடியெல்லாம் எங்கே போயிற்று என்று அவரிடம் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்ததாகக் கேள்விப்பட்டேன். என்ன பதில் எழுதினாரோ தெரியாது. பள்ளிகளுக்குப் போவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். செவ்வாய், வியாழன் மதியங்களையும் சேர்த்து இப்போது வாரத்தில் ஐந்து நாளும் முழுக்கப் பிடுங்குகிறார்.

என் மகள் சங்வானி அதற்கடுத்த வருடம்தான் எங்கள் பள்ளியில் முதலாம் படிவத்தில் சேர்ந்தாள். போன மாதம் மூன்று நாள் தூங்கவில்லை. கன்னம் வீங்கி ஒரு கண் மூடிக்கொண்டது. என் மனைவி உப்பு வைத்தாள், நான் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். தொவேராவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றுதான் மூன்று நாள் இழுத்தடித்தேன். நாலாவது நாள் கூட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தேன்.

எங்கள் முறை வந்தபோது அவர் என்னைப் பார்த்து, "வாங்க சார்," என்றார், எல்லோரிடமும் சொல்கிற மாதிரி. சங்வானியின் வாயைத் திறந்து பார்த்தார். முன்பு செவ்வாய்க்கிழமைகளில் அவர் பூசி மூடிக்கொண்டிருந்த அதே கடைவாய்ப் பல்.

"வேர் வரைக்கும் போயிடுச்சு. எடுத்துத்தான் ஆகணும்."

"வேற எதுவும் பண்ண முடியாதா மேடம்?"

"போன வருஷம்னா பண்ணியிருக்கலாம்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அந்த நாற்காலியில் அன்று உட்கார்ந்த எல்லோரிடமும் அதைத்தான் சொல்லியிருப்பார். மருந்து ஏற்றிய ஊசியை எடுத்துக்கொண்டு வந்தார். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"மேடம், அந்தப் பேப்பர் இருக்கா? குடுங்க. இப்பவே கையெழுத்துப் போடுறேன். ஹரா என்ன பண்ணாலும் பண்ணிட்டுப் போகட்டும்."

தொவேரா என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஐம்பது வயது இருக்கும். அன்று அறுபது போலத் தெரிந்தார்.

"தாடையைப் பிடிச்சுக்கங்க சார்," என்றார். "பொண்ணு நடுங்குறா."

பிடித்துக்கொண்டேன்.